கோது பொறுக்கியவள் செய்த குற்றம் யாது?

துவக்கு வெடித்து ஓய்ந்தபின் நிலத்திலே சிதறிக் கிடக்கும் பித்தளைக் கோதுகளைச் சேர்த்தெடுப்பது அமெரிக்காவில் இன்று ஒரு தனிக் கலையாகவே வளர்ந்துவிட்டது. பொழுதுபோக்குக்காகக் குறிபார்த்துச் சுடுவோர் அந்நாட்டிற் பல இலட்சக்கணக்கில் உளர். அவர்களுட் பலர் சுட்ட கோதை வீசிவிடுவதில்லை. தோட்டாவின் உறுப்புக்களிலே விலை கூடியது அதன் கோதுதான். மருந்து எரிந்துபோகும், குண்டு பறந்துபோகும், கோது மாத்திரம் எஞ்சும். அதனை மினுக்கி, வெடித்தபோது வீங்கிய அதன் உடலை அச்சிலிட்டு ஒடுக்கி, அடியிலே தீப்பொறி தரும் சிறு மூடியை மாற்றி, மருந்தும் குண்டும் புதிதாக இட்டால் மீண்டும் சுடலாம். ஒரே கோது இவ்வாறு பலமுறை பயன்படும்.

ஆதலால் கோது சேர்க்கும் கருவிகளும் உபாயங்களும் அங்கே பெருகியுள்ளன. தோட்டாப் பித்தளையில் நூற்றுக்கு எழுபது பங்கு செம்பு, எஞ்சியது துத்தநாகம். காந்தம் அதனை இழுக்காது. எனவே, மரத்தின்கீழ் உதிர்ந்த வாதுமைக் கொட்டைகளைச் சேர்ப்பதற்கென்று செய்த கம்பிக்கூட்டு உருளையை நீண்ட பிடியொன்றிற் பூட்டிப் புல்லின்மேல் உருட்டுகிறார்கள். கம்பிகள் நெகிழ்ந்து கோதை உள்ளே விடும், வெளியே விடா. துவக்கின் வலப்புறத்தே வலைப்பையொன்றைக் கொழுவிக் கோது நிலத்தில் விழுமுன்பே பிடித்துக்கொள்வோர் உளர். சுடுமிடத்திற் படங்கு விரித்துவிட்டு, முடிந்ததும் அதன் நான்கு மூலைகளையும் தூக்கி அள்ளுவோர் உளர். அள்ளியவற்றைத் துளையளவு வேறுபட்ட அரிதட்டுக்களில் இட்டு இனம் பிரிப்பர். பின் இடித்த வாதுமை ஓட்டுடனோ சோளப் பொத்தித் துகளுடனோ சுழலும் பீப்பாவில் இட்டுப் பளபளக்கச் செய்வர். இவற்றுட் பெரும்பாலானவற்றின் நோக்கம் ஒன்றே: குனியும் சிரமத்தைத் தவிர்த்தல்.

இக்கருவிகளின்மீது எமக்குப் பகையில்லை. முதுகு நோகாமல் வேலை செய்ய விரும்புவது மனித இயல்பு. ஆயின் இதே கோதைக் குனிந்து பொறுக்கியவர்களும் உலகில் இருந்தனர்; இன்றும் இருக்கின்றனர். அவர்களுள் ஒருத்தியைக் குறித்து எழுதவே நாம் பேனாவை எடுத்தோம். அவளுடைய பெயர் சக்காய் நாக்கா. அவளுடைய வழக்கை உலகம் அவளுடைய பெயரால் அறியவில்லை. அவளைக் கொன்றவனின் பெயரால், ஜிராட் வழக்கு என்றே அறிந்திருக்கிறது. ஒரு நூற்றாண்டின் மூன்றில் இரு பங்கு கழிந்த பின்பும் இப்பிழை திருத்தப்படவில்லை. அவள் படையினரின் சொத்தைக் களவெடுக்கப் போன இடத்திலே மாண்டாள் என்று சொல்லி முடித்துவிடுவோர் இன்றும் உளர். அவர்களுக்கு விடை கூறவேண்டியிருக்கிறது.

யப்பானின் குன்மா மாநிலத்திலே ஹருனா மலையின் கிழக்கு அடிவாரத்தில் சோமகஹாரா என்றொரு சமவெளி உண்டு. மாரிகாலத்தில் மலையிலிருந்து இறங்கும் வறண்ட காற்றுக்குப் பேர்போன மாநிலம் அது. முசுக்கட்டைச் செடி வளர்த்துப் பட்டுப்புழு வளர்த்த சிறு கமக்காரர்களின் நாடு. முன்னே யப்பானியச் சக்கரவர்த்தியின் சேனை அச்சமவெளியிற் பயிற்சி செய்தது. 1945இல் சக்கரவர்த்தியின் சேனை தோற்றது. திடல் அமெரிக்கச் சேனையின் கைக்கு மாறிற்று. கொடி மாறியதேயன்றி வெடிச்சத்தம் மாறவில்லை.

1950இல் கொரிய யுத்தம் மூண்டது. அந்த யுத்தம் எமது இரப்பரின் விலையை உயர்த்தியதைப் பழைய தலைமுறையினர் மறந்திரார். யப்பானிலே அது உலோகத்தின் விலையை உயர்த்திற்று. யப்பானிய எழுத்திலே இரும்பு, செம்பு, ஈயம் முதலிய உலோகங்களின் பெயர்கள் யாவும் இடப்பக்கத்தில் ஒரே உறுப்பைக் கொண்டிருக்கும். அவ்வுறுப்பின் பெயரையே அந்தச் செழிப்புக் காலத்துக்கு மக்கள் சூட்டினர். துணி வியாபாரத்தின் செழிப்புக்கு நூலைக் குறிக்கும் உறுப்பின் பெயரைச் சூட்டினர். தோல்வியுற்று, எரிந்து, பசித்துக் கிடந்த நாட்டிலே பழைய உலோகம் காசாயிற்று. எங்கெல்லாம் சுடுபயிற்சித் திடல் இருந்ததோ அங்கெல்லாம் அயற்கிராமத்தவர் கோது பொறுக்கினர்; குண்டுத் துண்டுகளைக் கிண்டினர். யுத்தம் 1953இல் ஓய்ந்தது. கிராமத்தின் வறுமை ஓயவில்லை, பொறுக்குவோரும் நின்றுவிடவில்லை.

இதனை உழைப்பாகக் கணக்கிட்டுப் பார்ப்போம். அமெரிக்கப் படையாள் அக்காலத்தில் ஏந்திய எம் வன் துவக்கின் தோட்டாக் கோது ஏறத்தாழ 13 கிராம் நிறையுடையது. ஒரு கிலோ பித்தளை சேரவேண்டுமாயின் எழுபத்தைந்துக்கு மேற்பட்ட கோதுகளை எடுக்கவேண்டும். எழுபத்தைந்து முறை குனியவேண்டும். காய்ந்த புல்லின் நிறமும் மங்கிய பித்தளையின் நிறமும் ஒன்று. கோது உருண்டு பள்ளத்தில் ஒளிந்துகொள்ளும். மண்ணில் மிதிபட்டுப் புதையும். உருளையும் வலைப்பையும் அக்கிராமத்துக்கு வரவில்லை. கையும் கண்ணும் முதுகெலும்புமே கருவிகள். சேர்த்ததை இட்டுக்கொள்ள ஏதேனுமொன்று. உபாயமும் ஒன்றே இருந்தது: பிறருக்கு முன்னே ஓடிப்போதல். துவக்கின் சூடு கோதில் ஆறுமுன் அதன்மீது கைவைப்பவளுக்கே அது சொந்தம். சுடும் இடத்துக்கு எவ்வளவு அண்மையில் ஒருத்தி நிற்கிறாளோ அவ்வளவுக்கு அன்றிரவு அவளுடைய அடுப்பு எரியும். அபாயத்தை நெருங்குவதே தொழில் நுட்பமாக இருந்த ஒரு தொழில் அது.

1957 ஜனவரி 30ஆந் தேதி. அன்று காலை சோமகஹாராவில் அமெரிக்கப் படையணியொன்று உண்மைத் தோட்டாக்களுடன் பயிற்சி செய்தது. கோது பொறுக்குவோர் திடலுக்குள் வந்துகொண்டேயிருந்தனர். அதனாற் பிற்பகற் பயிற்சியை உண்மைத் தோட்டாவின்றி நடத்தும்படி உத்தரவாயிற்று. இவ்விடயத்தை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ளவேண்டும். பின்னர் இதனிடம் திரும்புவோம். பயிற்சியின் இடைவேளையில், குன்றொன்றின்மேல் வைக்கப்பட்டிருந்த யந்திரத் துவக்கையும் சில உடுப்புக்களையும் காக்கும்படி இரண்டு படையாட்கள் ஏவப்பட்டனர். அவர்களுள் ஒருவன் வில்லியம் ஜிராட், இலினோய் மாநிலத்தின் ஒட்டாவா என்னும் சிற்றூரான், வயது 21.

சாட்சிகள் கூறியவற்றின் சாரம் இது. ஜிராட்டின் தோழன், ஜிராட் சொன்னபடி வெற்றுக் கோதுகளை அள்ளி வெளியே வீசினான். வந்து பொறுக்கலாம், பயமில்லை என்ற பொருள்பட ஜிராட் அவர்களை அழைத்தான். நெருங்கி வந்தார்கள். பின்னர், போ என்று கத்தினான். அவனுடைய துவக்கின் முனையிலே கைக்குண்டை எறிவதற்கான குழாய் பூட்டப்பட்டிருந்தது. அக்குழாய்க்குள் வெற்றுக் கோதொன்றைத் திணித்து, குண்டில்லாத மருந்துத் தோட்டாவை வெடிக்கச் செய்தால் கோது குண்டைப்போற் பறக்கும். முதல் வெடி ஓர் ஆணை நோக்கிப் போயிற்று, அவன் தப்பினான். இரண்டாவது வெடி, திரும்பி ஓடிக்கொண்டிருந்த சக்காய் நாக்காவின் முதுகிற் பாய்ந்தது. அவளுக்கு வயது 46. ஆறு பிள்ளைகளின் தாய். எதனைப் பொறுக்க வந்தாளோ அதுவே அவளுடைய உடலுட் புகுந்து உயிரைக் குடித்தது.

வெருட்டுவதற்கே சுட்டதாக ஜிராட் கூறினான். அவன் மனத்துட் புகுந்து பார்க்க எம்மால் இயலாது, அதற்கு அவசியமுமில்லை. ஓடுகின்ற ஒரு பெண்ணின் முதுகை வெருட்டவேண்டிய தேவை யாருக்கும் இல்லை. அவள் ஏற்கெனவே வெருண்டுதான் ஓடினாள்.

இனி, அவள் அங்கே போயிருக்கவே கூடாது என்ற வாதத்தை எடுத்துக்கொள்வோம். திடல் சேனைக்குரியது, கோது அமெரிக்க அரசாங்கத்தின் சொத்து, அபாயம் என்பது எல்லாருக்கும் தெரிந்தது, தெரிந்து போனவள் தன் சாவைத் தானே தேடிக்கொண்டாள் என்று இவ்வாதம் நடக்கும். நியாயம்போலத் தோன்றும் வாதந்தான். ஆயின், நாம் மேலே மனத்தில் இருத்தச் சொன்ன செய்தி இங்கேதான் உதவுகிறது. பிற்பகற் பயிற்சியிலே உண்மைத் தோட்டா வேண்டாம் என்று உத்தரவிட்ட சேனை, அம்மக்கள் அங்கே இருப்பார்கள் என்பதை அறிந்திருந்தது. அன்று மாத்திரம் அறிந்ததன்று. நாள்தோறும் கண்டு பழகிய காட்சி அது. திடலைச் சுற்றி மக்கள் நுழையாதபடி வேலி கட்டியிருக்கலாம். சுட்ட கோதைத் தன் படையாட்களைக் கொண்டே பொறுக்கியிருக்கலாம். அல்லது கிராமத்தவரைக் கூலிக்கு அமர்த்தி, துவக்கு ஓய்ந்த நேரத்தில் ஒழுங்காகப் பொறுக்க விட்டிருக்கலாம். இவற்றுள் எதனையும் செய்யாமல் விட்டது யாருடைய குற்றம்? மக்கள் வராதபடி தடுக்கவுமில்லை, வந்தவர்களைக் காக்கவுமில்லை, வந்தவள் செத்தபோது மாத்திரம் அத்துமீறி வந்தாள் என்பது எந்த ஊர் நியாயம்?

களவென்னும் பழியையும் சற்று உரைத்துப் பார்ப்போம். அவள் பொறுக்கிய கோதை அவள் உண்ணவில்லை, அணியவில்லை. பழைய உலோகம் வாங்குபவனுக்கு விற்றாள். அவன் நிறுத்து வாங்கிப் பெரிய வியாபாரிக்கு விற்றான். பெரிய வியாபாரி உருக்காலைக்கு அனுப்பினான். உருக்காலையின் கணக்கேட்டிலே அது கொள்முதற் சரக்கு. அதற்கு வரி உண்டு, பற்றுச்சீட்டு உண்டு, இலாபம் உண்டு. அவள் கை விட்டு மறுகை ஏறியவுடன் அந்தப் பித்தளை கௌரவம் பெற்றுவிடுகிறது. அதனை வாங்கியவன் முதலாளி. உருக்கியவன் கைத்தொழில் வளர்த்தவன். பொறுக்கியவள் மட்டும் களவாணி! தோட்டாவைச் செய்த தொழிலாளிக்குக் கூலி உண்டு. அதனைச் சுட்ட சிப்பாய்க்குச் சம்பளம் உண்டு. அந்தச் சங்கிலியிலே கூலியும் இல்லாமல், காப்பும் இல்லாமல், உயிரைப் பணயம் வைத்து வேலை செய்தவள் அவள் ஒருத்திதான். திடலைத் துப்புரவாக்கும் வேலையை இலவசமாகச் செய்துகொடுத்தவளும் அவளே. சட்டப் புத்தகத்திலே அதற்குக் களவு என்று பெயரிருக்கலாம். பொருளாதாரத்திலே அதற்குப் பெயர் சுரண்டல்.

சம்பவத்தின் பின் எழுந்த ஆரவாரம் சாமானியமானதன்று. 1953இல் திருத்தப்பட்ட உடன்படிக்கையின்படி, கடமையின்போது அமெரிக்கப் படையாள் செய்த குற்றத்தை விசாரிக்கும் முதலுரிமை அமெரிக்காவினது. கடமைக்குப் புறம்பாயின் யப்பானினது. யந்திரத் துவக்கைக் காக்க ஏவப்பட்டவன் கோதை எறிந்து பெண்ணை அழைத்துச் சுட்டது கடமையா அன்றா? இரண்டு அரசாங்கங்களும் மாதக்கணக்கில் வாதிட்ட கேள்வி இதுவே. ஈற்றில் அவனை யப்பானிய நீதிமன்றத்திடம் விடுவதென வாஷிங்டன் இணங்கியபோது அமெரிக்காவிற் பெரும் கூச்சல் எழுந்தது. முன்னாட் படைவீரர் சங்கங்கள் கொதித்தன. அவனுடைய ஊரார் மனுவில் ஒப்பமிட்டனர். காங்கிரஸ் அங்கத்தவர்கள் முழங்கினர். எம் பிள்ளையை அந்நியனிடம் காட்டிக் கொடுத்துவிட்டனர் என்பதே பல்லவி. கீழ் நீதிமன்றமொன்று அவனைக் கையளிக்கக்கூடாதென்று தடுத்தது. வழக்கு அமெரிக்க உயர் நீதிமன்றம்வரை ஏறிற்று. 1957 ஜூலை 11ஆந் தேதி அம்மன்று, கையளிப்பதற்கு அரசியலமைப்பில் தடையேதுமில்லையென ஏகமனதாகத் தீர்த்தது. எம் பிள்ளை, எம் பிள்ளை என்று ஒரு தேசமே அழுதது. ஆறு பிள்ளைகள் தாயை இழந்திருந்தனர் என்பது அந்த அழுகையின் சத்தத்திலே கேட்காமற் போயிற்று.

அமெரிக்கப் பிற்போக்காளரை மாத்திரம் நாம் சாடி அமைவது நேர்மையாகாது. எதிர்ப்பக்கத்திலே நின்ற எமது நண்பர்களும் இவ்விடயத்திற் குறைபட்டனர். யப்பானின் இடதுசாரிகள் இச்சம்பவத்தைக் கண்டு கொதித்தது சரியே. உச்சினாதாவிலும் சுனகாவாவிலும் அந்நியத் தளங்களுக்கெதிராகக் கமக்காரரும் மாணவரும் தொழிலாளரும் நடத்திய போராட்டங்கள் தலைவணங்கத் தக்கவை. ஆயின் இந்த வழக்கு வந்தபோது, அவர்களுடைய மேடைகளிலும் இறைமை என்ற ஒற்றைச் சொல்லே பெரிதாக ஒலித்தது. யாருடைய நீதிமன்றம்? யாருடைய சட்டம்? யாருடைய கொடி? இவை அவசியமான கேள்விகள். எனினும் அவற்றுக்கு முன்னே கேட்கவேண்டிய கேள்வியொன்று இருந்தது. நாற்பத்தாறு வயதுப் பெண்ணொருத்தி, மாரிக்காலத்து நடுப்பகலிலே, துவக்கேந்திய அந்நியர் நடுவே பித்தளை தேடி அலையவேண்டி வந்தது ஏன்? யப்பான் செழித்துவிட்டதென்று தோக்கியோவின் பத்திரிகைகள் எழுதிய ஆண்டுகள் அவை. அச்செழிப்பு ஹருனா மலையின் அடிவாரத்துக்கு எந்த உருவத்தில் வந்தது? வெற்றுக் கோதின் உருவத்தில் வந்தது. இக்கேள்வியைக் கேட்டிருந்தால் அமெரிக்கச் சேனை மாத்திரமன்றி யப்பானிய ஆளும் வர்க்கமும் கூண்டில் ஏறவேண்டியிருந்திருக்கும். இறைமை என்ற சொல் அவ்வர்க்கத்தைக் கூண்டுக்கு வெளியே, வழக்குத் தொடுப்பவரின் ஆசனத்திலே இருத்திவிட்டது.

அங்கே இருந்து அவ்வர்க்கம் செய்தது யாது? விசாரணை மயெபாஷி மாவட்ட நீதிமன்றத்தில் ஓகஸ்டில் தொடங்கிற்று. கொலைக் குற்றம் சாட்டப்படவில்லை. காயம் விளைத்து மரணம் சம்பவிக்கச் செய்த குற்றமே சாட்டப்பட்டது. நவம்பர் 19ஆந் தேதி நீதிபதி கவச்சி யூசோ தீர்ப்பளித்தார். மூன்றாண்டுச் சிறை, அதுவும் நான்காண்டுக்கு ஒத்திவைக்கப்பட்டது. அதாவது சிறையில்லை. அரசாங்க வழக்கறிஞர் மேன்முறையீடு செய்யவில்லை. அடுத்த மாதமே ஜிராட் கப்பலேறித் தாய்நாடு சென்றான். பல்லாண்டுகளின் பின் வெளிவந்த இராசதந்திரப் பத்திரங்கள் இதன் உட்பொருளை விளக்கின. காயம் விளைத்து மரணம் சம்பவிக்கச் செய்த குற்றத்திலும் பாரதூரமான குற்றம் சாட்டப்படமாட்டாது என்ற இரகசிய இணக்கத்தின்மேற்றான் அமெரிக்கா தன் உரிமையை விட்டுக்கொடுத்திருந்தது. மேடையில் இறைமை, திரைமறைவில் பேரம். தன் நீதிமன்றத்தின் உரிமைக்காக இவ்வளவு வாதாடிய அரசு, அவ்வுரிமை கையிற் கிட்டுமுன்பே அதன் பல்லைப் பிடுங்கிக் கொடுத்துவிட்டது.

இவ்வழக்கினாற் பயனே விளையவில்லை என்று நாம் கூறவில்லை. 1957 ஜூனில் ஐசன்ஹோவரும் கிஷியும் வெளியிட்ட கூட்டறிக்கையிலே அமெரிக்கத் தரைப்போர்ப் படைகள் யாவும் யப்பானை விட்டு விலக்கப்படும் என்று கூறப்பட்டது. மக்களின் சீற்றம் அதற்கு ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் படை போயிற்றேயன்றித் தளங்கள் போகவில்லை. ஒக்கினாவாவின் நெஞ்சின்மீது அவை இன்றும் அமர்ந்திருக்கின்றன.

சக்காய் நாக்காவின் கணவருக்கு அமெரிக்கச் சேனை நட்டஈடு கொடுத்தது. தொகை 1,748 டொலர் 32 சதம். அந்த 32 சதத்தை எண்ணி நாம் பலமுறை திகைத்ததுண்டு. ஆயிரத்து எழுநூறு என்று முழுத்தொகையாகக் கொடுத்திருந்தால் அதனை ஓர் இரக்கக் கொடை என்று விட்டுவிடலாம். சதக் கணக்கிலே ஓர் எழுதுவினைஞன் கூட்டிக் கழித்திருக்கிறான் என்றால், ஒரு கமக்காரப் பெண்ணின் எஞ்சிய ஆயுளுக்கும் அவளுடைய உழைப்புக்கும் ஆறு பிள்ளைகளின் வளர்ப்புக்கும் எங்கோ ஒரு வாய்பாடு இருந்திருக்கிறது.

அப்பெண்ணுக்கு வாய்க்காத பரிவு பித்தளைக்கு வாய்த்த கதையொன்றுமுண்டு. அமெரிக்கச் சேனை பயிற்சியிற் சுட்ட கோதுகளை அந்நாட்டரசு விற்பது வழக்கம்; தோட்டா மறுபடி நிரப்பும் கம்பனிகளும் பொழுதுபோக்காளரும் வாங்குவர். 2009 மார்ச்சில், இனி அவற்றை நொறுக்கி உருக்குலைத்தே விற்பது என்றொரு ஏற்பாடு வந்தது. சுடுவோர் கிளர்ந்தெழுந்தனர். மொன்டானா மாநிலத்தின் செனற்றர்கள் இருவரும், ஜோன் ரெஸ்ரரும் மக்ஸ் போக்கஸும், பாதுகாப்புத் திணைக்களத்துக்கு எழுதினர். சில நாட்களுக்குள் ஏற்பாடு கைவிடப்பட்டது. கோது உடைபடாமற் காப்பதற்கு இரண்டு செனற்றர்கள்! 1957இல் சக்காய் நாக்காவின் முதுகெலும்புக்காகப் பரிந்து ஒப்பமிட்ட செனற்றர் எவரையும் நாம் அறியோம். பொழுதுபோக்காளர் தமக்கு வேண்டியதைக் கேட்டார்கள்; அமைப்பாக நின்று கேட்டார்கள்; பெற்றார்கள். அதில் அவர்களை நாம் குறைகூறவில்லை. பொறுக்கி உண்பவர்களுட் பெரும்பாலோருக்கு அத்தகைய அமைப்பு இல்லை என்பதையே சுட்டுகிறோம்.

சோமகஹாராவின் இன்றைய நிலையையும் கூறிவிடுவோம். அங்கே இப்பொழுது இருப்பது யப்பானின் சொந்தத் தற்காப்புப் படையின் முகாம். அப்படையிலே சுட்ட ஒவ்வொரு தோட்டாவின் கோதும் எண்ணி ஒப்படைக்கப்படவேண்டும் என்பது விதி. துவக்கிலே பை கட்டிக் கோதைப் பிடிக்கிறார்கள். ஒன்று குறைந்தால் அணி முழுவதும் வரிசையாக நின்று புல்லைக் கிளறித் தேடும், கிடைக்கும்வரை தேடும். நூறு சுட்டால் நூறும் திரும்பவேண்டும். கோதைச் சுட்டவனே பொறுக்குவது இயலாத காரியம் என்று 1957இல் சொல்லியிருக்கக்கூடியவர்களுக்கு இதைவிட வேறு விடை வேண்டியதில்லை. இயலும். மனம் வேண்டும், அல்லது கட்டாயம் வேண்டும்.

அந்தக் கட்டாயம் இல்லாத நாடுகளிலே பொறுக்கும் தொழில் இன்னமும் நடக்கிறது. 1964 முதல் 1973 வரை லாவோஸின்மீது அமெரிக்கா இருபது இலட்சம் தொன்னுக்கு மேற்பட்ட குண்டுகளைச் சொரிந்தது. வெடிக்காது புதைந்து கிடந்தவை கோடிக்கணக்கில். மலிவான உலோகங் காணும் கருவிகளைத் தூக்கிக்கொண்டு வயல்வரம்பிலே சிறுவர்கூட இரும்பு தேடினர், பலர் மாண்டனர். சியெங் குவாங்கின் நாப்பியா கிராமத்தவர் யுத்தத்தின் அலுமினியத்தை உருக்கிக் கரண்டி வார்த்து வாழ்கின்றனர். உல்லாசப் பயணிகள் அதனை நினைவுப்பொருளாக வாங்கிச் செல்கின்றனர். இத்தனை தூரம் போவானேன்? 2009இன் பின் மீளக் குடியேறிய எம் வன்னி மக்களுள்ளும் பழைய இரும்பு பொறுக்கி வயிறு கழுவியோர் இருந்தனர். வெடிக்காத குண்டிற் கைபட்டு உறுப்பிழந்தோரையும் உயிரிழந்தோரையும் நாம் அறிவோம். அவர்களைக் குறித்து வந்த செய்திகளில் அவர்கள் கவனக்குறைவினால் மாண்டனர் என்ற தொனியே பெரிதும் ஒலித்தது. கவனம் என்பது வயிறு நிறைந்தவனுக்கு இலகுவாக வரும் பண்பு. தான் குனிவது குண்டின்மீதாக இருக்கலாம் என்பதை அறியாமலா அவர்கள் குனிந்தார்கள்?

இனி எம்மீதே ஒரு குற்றம் சாட்டிக்கொள்ள வேண்டும். முற்போக்கு எழுத்தாளர் என்று எம்மை நாமே அழைத்துக்கொள்ளும் நாமும் இத்தகைய மனிதரை எழுதும்போது பெரும்பாலும் இரக்கத்தோடு நின்றுவிடுகிறோம். பொறுக்கும் கிழவி, பொறுக்கும் சிறுவன், கிழிந்த சேலை, கண்ணீர் என்று கதை முடிந்துவிடுகிறது. அவர்கள் தொழிலாளர் என்று எழுதுவதில்லை. ஒரு கிலோவுக்கு எத்தனை கோது, அதற்கு என்ன விலை, இடைத்தரகன் எடுத்தது எவ்வளவு என்று கேட்பதில்லை. திடலைத் துப்புரவு செய்த கூலியைச் சேனையிடம் கேட்க அவர்களுக்கு உரிமையுண்டு என்று வாதாடுவதில்லை. பிச்சைக்காரரைப் பார்க்கும் கண்ணாலேயே அவர்களைப் பார்க்கிறோம்; பார்த்து உருகுகிறோம். ஜிராட்டின் கண்ணுக்கு அவள் விளையாட்டுப் பொருளாகத் தெரிந்தாள். எம் கண்ணுக்குக் கண்ணீர்ப் பொருளாகத் தெரிகிறாள். வேலை செய்துகொண்டிருந்த ஒருத்தியாக இரண்டு கண்ணுக்கும் அவள் தெரியவில்லை.

சட்டப் புத்தகங்களிலே அவ்வழக்கு வில்சன் எதிர் ஜிராட் என்று பதிவாகியிருக்கிறது. வில்சன் அப்போதைய அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர், ஜிராட் சுட்டவன். இருவருள் எவருக்கும் முதுகிற் காயமில்லை. அந்தத் தலைப்பை மாற்ற எமக்கு அதிகாரமில்லை. இச்சஞ்சிகையின் பக்கங்களில் எமக்கு அதிகாரமுண்டு. இனிமேல் இதனைக் குறிப்பிட நேரும்போதெல்லாம் சக்காய் நாக்கா வழக்கு என்றே எழுதுவோம். எமக்கு எழுதும் நண்பர்களும் அவ்வாறே எழுதுமாறு கேட்டுக்கொள்கிறோம்.